அவருக்கு உண்டு, எனக்கு இல்லை: 14-ஆவது பிரிவை மனுவாக எழுதுவது எப்படி

அரசு அலுவலகம் பாரபட்சம் காட்டியது என்று வரும் மனுக்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. அநியாயம் என்று நாலு பக்கம் எழுதியிருப்பார்கள். யாரோடு ஒப்பிட்டால் அது அநியாயம் என்பதற்கு நாலு வரிகூட இருக்காது. சமத்துவம் என்பது ஒப்பீடு. ஒப்பிட ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கிடைத்தது என்ன என்பதற்குக் காகிதம் வேண்டும், இருவருக்கும் இடையில் சட்டத்துக்குப் பொருட்படுகிற வித்தியாசம் இல்லை என்று காட்ட வேண்டும். இதைச் செய்யும் முறை கீழே இருக்கிறது. நடைமுறை விவரங்கள் தமிழ்நாட்டுக்கு உரியவை. சட்டம் இந்தியா முழுமைக்கும் ஒன்றே.

அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவு ஒரே வாக்கியம். இந்திய ஆட்சிப் பரப்புக்குள் எந்த ஒருவருக்கும் சட்டத்தின் முன் சமத்துவத்தையோ சட்டங்களின் சமமான பாதுகாப்பையோ அரசு மறுக்கக் கூடாது என்கிறது. முதல் பாதி ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து வந்தது. இரண்டாம் பாதி அமெரிக்க அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தத்திலிருந்து வந்தது. இதில் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒன்று, ‘எந்த ஒருவருக்கும்’. குடிமக்கள் என்று இங்கே சொல்லவில்லை. ஆகவே மறுவாழ்வு முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழரும் 14-ஐச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் 15, 16, 19 ஆகிய பிரிவுகளைப் பிடிக்கக் குடியுரிமை வேண்டும். இரண்டாவது சொல், ‘அரசு’. எதிரில் நிற்பது தனியார் கம்பெனியோ பக்கத்து வீட்டுக்காரரோ என்றால் 14 உதவாது. அமைச்சகம், மாவட்ட ஆட்சியர், நகராட்சி, மின்வாரியம், அரசுப் பல்கலைக்கழகம், அரசுடைமை வங்கி எல்லாம் ‘அரசு’. சங்கமாகப் பதிவான அமைப்பாக இருந்தாலும் பணமும் கட்டுப்பாடும் ஆழமாக அரசின் கையில் இருந்தால் அதுவும் அரசுதான் என்று 1980-இல் அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் முதலாளி ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைவாகக் கொடுக்கிறார் என்றால் தொழிலாளர் சட்டத்தின் வழியே போக வேண்டும். அது வேறு பாதை.

விளக்கத்துக்கு ஓர் உதாரணத்தை இறுதிவரை கூடவே கொண்டுபோவோம். ஒரு நகராட்சி வணிக வளாகத்தில் 12 கடைகள். எல்லாருக்கும் குத்தகைக் காலம் ஒரே நாளில் முடிகிறது. 11 பேருக்குப் புதுப்பித்துவிட்டார்கள். 7-ஆம் எண் கடைக்கு மட்டும் இல்லை.

முதலில் ‘இல்லை’ என்பதை எழுத்தில் வாங்குங்கள்

கவுன்ட்டரில் வாயால் சொன்ன மறுப்பை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் எதையும் ரத்து செய்ய முடியாது. ரத்து செய்ய ஓர் ஆணை வேண்டும். அதற்குக் கோரிக்கை மனு எழுதி, அலுவலகத்தின் தபால் பிரிவில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை, தேதி, வரிசை எண் மூன்றையும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம், அன்றே தபாலில் அனுப்பிவிடுங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஸ்பீட் போஸ்ட் என்று மட்டும் சொல்லாமல், பெறுபவர் கையொப்பத்துக்கான சான்றும் வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள். ரசீதையும் இணையத்தில் வரும் பட்டுவாடா விவரத்தின் அச்சுப் பிரதியையும் மனு நகலோடு சேர்த்து வைக்க வேண்டும். ரசீதின் மை ஆறு மாதத்தில் மங்கிவிடும், உடனே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கும் எண் கிடைக்கும். அது ‘இந்தத் தேதியில் கேட்டேன்’ என்பதற்குச் சான்று. ஆனால் அந்த மனு கடைசியில் நகராட்சிக்கே அனுப்பப்படும். அங்கிருந்து ‘விதிகளின்படி நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று இரண்டு வரி வரும். முடிவெடுக்கும் அதிகாரி யாரோ அவருக்கு நேரே ஒரு மனு போயே ஆக வேண்டும். கன்றை இழந்த பசு மணியை அடித்ததும் மனுநீதிச் சோழன் எழுந்து வந்தான் என்பார்கள். இன்றைய பசு மணியடித்த தேதிக்கு ஒப்புகைச் சீட்டும் வைத்திருக்க வேண்டும்.

பதில் வந்தால் அதில் ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), நாள், எந்த விதியின் கீழ் மறுப்பு, என்ன காரணம் என்ற நான்கையும் பாருங்கள். காரணமே இல்லாத ஆணை உங்களுக்கு நல்ல ஆணை. 1977-இல் மொஹிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் தினமும் பயன்படுகிறது: ஆணையில் எழுதாத காரணத்தைப் பின்னால் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பதில் பிரமாணப் பத்திரத்தில் புதிதாகச் சேர்க்க முடியாது. அதனால் மறுப்பு ஆணை வந்ததும் ‘காரணம் சொல்லுங்கள்’ என்று ஓடிப்போய்க் கேட்டு, அவர்கள் நிதானமாக யோசித்து நல்ல காரணமாக எழுதித்தர நீங்களே வாய்ப்புக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒப்பிட யாரைத் தேர்ந்தெடுப்பது

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒப்பிடும் ஆள் உங்களோடு நான்கு விஷயங்களில் ஒத்துப்போக வேண்டும்: அதே விதி, அதே அதிகாரி அல்லது அதே துறை, ஏறத்தாழ அதே காலம், அதே தகுதி. 2008-இல் பழைய விதியின் கீழ் புதுப்பிக்கப்பட்ட கடையை இன்றைய மறுப்போடு ஒப்பிட்டால் அரசு வழக்கறிஞர் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

தகுதி என்பதில் சங்கடமான உண்மைகளும் சேரும். 11 பேருக்கும் வாடகை நிலுவை இல்லை, உங்களுக்கு 8 மாத நிலுவை இருந்தது என்றால் நீங்கள் அவர்களுக்குச் சமம் இல்லை. ஆனால் அந்த 11 பேரில் மூவருக்கு 10 மாத நிலுவை இருந்தும் புதுப்பித்தார்கள் என்றால், உங்கள் ஒப்பீடு அந்த மூவரோடுதான். மற்ற எட்டுப் பேரைப் பட்டியலில் சேர்த்தால் வழக்கு வலுக்காது, நீர்த்துப்போகும். உங்கள் குறையும் இருந்து, நீங்கள் கேட்ட பலனும் கிடைத்த ஆள் ஒருவர் அகப்பட்டாலே போதும்.

இந்த விவரம் எல்லாம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கிடைக்கும். கட்டணம் ₹10. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவிலேயே ஒட்டிக் கொடுப்பது எளிது. நகலுக்குப் பக்கத்துக்கு ₹2. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, பிரிவு 6(2) அப்படியே சொல்கிறது. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. அதற்குப் பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு.

கேட்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘எனக்கு ஏன் மறுத்தீர்கள்?’, ‘இது பாரபட்சம் இல்லையா?’ என்று கேட்டால் ‘இது தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்று பதில் வரும், அது சட்டப்படி சரியான பதிலும்கூட. கோப்பில் இருக்கும் ஆவணத்தை மட்டுமே கேட்க முடியும். இப்படிக் கேளுங்கள்:

‘நகராட்சி வணிக வளாகக் கடை எண்கள் 1 முதல் 12 வரை ஒவ்வொன்றுக்கும்: (1) குத்தகை தொடங்கிய நாள், முடிந்த நாள் (2) புதுப்பிக்கக் கோரிய மனு பெறப்பட்ட நாள் (3) அந்நாளில் வாடகை நிலுவைத் தொகை (4) முடிவெடுத்த மன்றத் தீர்மான எண், நாள் (5) ஆணையின் ந.க. எண், நாள். மேற்படி தீர்மானங்கள், ஆணைகள், கோப்பின் குறிப்புப் பக்கங்கள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள். முடிவெடுக்கப் பின்பற்றிய விதி, அரசாணை ஆகியவற்றின் நகல்.’

குறிப்புப் பக்கங்களை விட்டுவிடாதீர்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் ஆணையில் இருக்காது, கீழ்நிலை எழுத்தர் போட்ட குறிப்பில் இருக்கும். அடுத்து, பெயர், முகவரி, ஆதார் எதையும் கேட்காதீர்கள். பிரிவு 8(1)(ஜே)-இன் கீழ் தனிநபர் தகவல் என்று மறுப்பது ஏற்கெனவே வழக்கம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை இன்னும் இறுக்கிவிட்டது. கடை எண், மனு எண், தரவரிசை எண் என்று கேட்டால் மறுப்பதற்குப் பிடி குறைவு. மறுத்தால் பிரிவு 10-ஐச் சொல்லி, தனிநபர் பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தரும்படி மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

இன்னொரு பிரிவு அதிகம் பேருக்குத் தெரியாது. பிரிவு 4(1)(டி), நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அந்த முடிவின் காரணத்தைத் தர வேண்டியது அலுவலகத்தின் கடமை என்கிறது. ஆணையே தராமல் இழுத்தடிக்கும் அலுவலகத்துக்கு இதைச் சொல்லி எழுதலாம். காரணமற்ற ஆணை ஏற்கெனவே கையில் இருந்தால், மேலே சொன்ன காரணத்துக்காக, இதைத் தொடாமல் விடுவதே புத்திசாலித்தனம்.

வந்த விவரத்தை ஒரே பக்க அட்டவணையாகப் போடுங்கள். கடைசி வரிசையில் உங்கள் கடை. நீதிபதி முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

அவருக்குக் கொடுத்தது சட்டப்படி சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் மனுப் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றைத் தாண்டுவது. மற்றவருக்குத் தவறாகக் கொடுத்த சலுகையைக் காட்டி, அதே தவறை எனக்கும் செய் என்று 14-ஆவது பிரிவில் கேட்க முடியாது. 1995-இல் சண்டிகர் நிர்வாகம் எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக எழுதியது: ஒப்பிடும் ஆணை சட்டவிரோதமானது என்றால் அதை இன்னொரு முறை செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிடாது. எதிர்மறைச் சமத்துவம் என்று இதைச் சொல்வார்கள். அரசுத் தரப்பு பதில் மனுக்களில் அடிக்கடி தென்படும் வாதங்களில் இது ஒன்று.

நம் உதாரணத்தில், விதிப்படி பொது ஏலம் விட வேண்டிய கடைகளை ஏலமின்றி 11 பேருக்கும் புதுப்பித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதைப் பட்டியல் போட்டு நீதிமன்றத்தில் கொடுத்தால், ‘12 கடைகளையும் ஏலம் விடுங்கள்’ என்று உத்தரவு வரக்கூடும். உங்கள் கடையும் கிடைக்காது, பக்கத்துக் கடைக்காரர் பதினொருவரும் உங்கள் முகத்தில் விழிக்க மாட்டார்கள். ஆகவே விதியை முதலில் படியுங்கள்: புதுப்பிக்க விதியில் இடம் இருக்கிறதா, எத்தனை ஆண்டு வரை, என்ன நிபந்தனையில், யார் ஒப்புதலோடு? இடம் இருந்தால் மனுவின் முதல் தூண் அந்த விதிதான். மற்றவர்கள் இரண்டாம் தூண். ‘விதி எனக்கு இதைத் தருகிறது, அதே விதியில் மற்றவருக்குத் தந்தார்கள்’ என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

உரிமையே இல்லாத இடத்திலும் 14 ஓரளவு வேலை செய்யும். தேர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டதால் மட்டும் வேலை கேட்கும் உரிமை வந்துவிடாது என்று 1991-இல் சங்கர்சன் தாஸ் வழக்கு சொன்னது. அதே மூச்சில், காலியிடத்தை நிரப்பாமல் விடுவதாக இருந்தாலும் தன்னிச்சையாக விடக் கூடாது என்றும் சொன்னது. அப்படிப்பட்ட இடங்களில் ‘கொடு’ என்று கேட்காமல் ‘நியாயமாகப் பரிசீலி’ என்று கேட்க வேண்டும்.

எந்த வாதம் உங்களுடையது

பாரபட்சத்தை மூன்று விதமாகச் சொல்லலாம். மூன்றையும் கலந்து எழுதினால் எதுவும் நிற்காது.

விதி நன்றாக இருக்கிறது, எனக்கு மட்டும் வேறு மாதிரி பயன்படுத்தினார்கள் என்பது முதல் வகை. கடை உதாரணம் இதுதான். மிக எளிது, பெரும்பாலும் பலிப்பதும் இதுவே.

விதியே பாரபட்சமாக இருக்கிறது என்பது இரண்டாம் வகை. இதற்கு 1952-ஆம் ஆண்டின் அன்வர் அலி சர்க்கார் வழக்கிலிருந்து வரும் இரட்டைச் சோதனை. மேற்கு வங்கத்தில் எந்த வழக்கைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அனுப்புவது என்பதை எந்த வரையறையும் இல்லாமல் அரசின் விருப்பத்துக்கு விட்ட சட்டம் அதில் அடிபட்டது. மக்களை இரண்டு கூறாகப் பிரிக்கலாம். ஆனால் பிரிப்பதற்குப் புரிந்துகொள்ளக்கூடிய ஓர் அடையாளம் இருக்க வேண்டும், அந்த அடையாளத்துக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் அறிவார்ந்த தொடர்பு இருக்க வேண்டும். பிரித்திருப்பதாலேயே தப்பு என்று எழுதுவது இந்த வகையில் அதிகம் காணும் பிழை. கல்வித் தகுதியை வைத்துப் பதவி உயர்வில் பிரித்தது செல்லும் என்று 1973-இல் திரிலோகி நாத் கோசா வழக்கில் சொல்லிவிட்டார்கள். தேதியை வைத்துப் பிரிப்பதும் பொதுவாகச் செல்லும். ‘ஒரு நாள் வித்தியாசத்தில் எனக்குப் போய்விட்டது’ என்பது வருத்தம். வாதம் ஆகாது, ஏனென்றால் எந்தத் தேதியை வைத்தாலும் ஒருவர் ஒரு நாளில் தவறத்தான் செய்வார். ஏற்கெனவே ஒரே கூட்டமாக இருந்த ஓய்வூதியர்களை 1979 மார்ச் 31 என்ற தேதியை வைத்து இரண்டாக வெட்டியபோதுதான், 1982 டிசம்பரில் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. உங்கள் தேதி அந்த மாதிரியா என்று பாருங்கள். சட்டம் செல்லும் என்றே நீதிமன்றம் தொடங்கும். செல்லாது என்று காட்டும் சுமை உங்கள் தலையில்.

மூன்றாவது, ஒப்பிட ஆளே இல்லை, ஆனால் முடிவு தான்தோன்றித்தனமானது என்ற வகை. சமத்துவமும் தன்னிச்சையும் ஒன்றுக்கொன்று பகை என்ற கருத்து நுழைந்தது ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான். தலைமைச் செயலாளராக இருந்து மாற்றப்பட்ட ராயப்பா தொடுத்த வழக்கு அது; சட்ட அறிக்கைகளில் 1974 என்று வரும். நீதிபதி பகவதி அதில் எழுதிய வரிகளை அரைநூற்றாண்டாக எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மேற்கோள் காட்டுபவர்களில் பலர் மறந்துவிடுவது, ராயப்பா தோற்றுப்போனார் என்பதை. முதலமைச்சருக்குத் தன்மேல் உள்நோக்கம் இருந்தது என்று சொன்னார், நிரூபிக்க முடியவில்லை.

அந்தத் தோல்வியில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ‘கமிஷனர் என்மேல் கடுப்பில் இருக்கிறார், கவுன்சிலர் சொல்லித்தான் செய்தார்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதினால் அந்த அதிகாரியைப் பெயர் சொல்லி எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். நாள், இடம், பேச்சு, சாட்சி எல்லாம் தர வேண்டும். தவறினால் அந்தப் பழி பொய்த்துப்போவதோடு மற்ற நல்ல வாதத்தையும் இழுத்துக்கொண்டு போகும். உள்நோக்கத்தை நிரூபிக்காமலேயே 14-இல் வெல்ல முடியும். சமமானவர்கள் சமமாக நடத்தப்படவில்லை, காரணம் சொல்லப்படவில்லை என்பதே போதும்.

கோரிக்கை மனு

நீதிமன்றத்துக்கு முன் ஒரு முறை, எல்லாச் சான்றையும் இணைத்து, ஒப்பீட்டோடு மனு கொடுங்கள். மேல்முறையீட்டுக்குச் சட்டத்திலேயே வழி இருந்தால் இதையே மேல்முறையீடாகக் கொடுக்க வேண்டும். டெண்டர் என்றால் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-இன் கீழ் பத்தே நாளில் அரசுக்கு மேல்முறையீடு செய்தாக வேண்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

‘பொருள்: நகராட்சி வணிக வளாகம் – கடை எண் 7 – குத்தகைப் புதுப்பிப்பு மறுக்கப்பட்டது – சமநிலையில் உள்ளோருக்கு வழங்கியவாறு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு நாள் … 2. தங்கள் ந.க. எண் … நாள் … 3. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்ற பதில் நாள் …

1. விதி … இன்படி குத்தகையைப் புதுப்பிக்க நான் தகுதி உடையவன். நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கான சான்றுகள் இணைப்பு 1 முதல் 4 வரை.

2. இதே விதியின் கீழ், இதே காலத்தில், கடை எண்கள் 3, 5, 9 ஆகியவற்றுக்குப் புதுப்பித்து ஆணை வழங்கப்பட்டுள்ளது. அவர்களுக்கும் எனக்கும் உள்ள ஒப்பீடு இணைப்பு 5.

3. பார்வை 2-இல் காணும் ஆணையில், எனது கோரிக்கையை அவர்களுடையதிலிருந்து வேறுபடுத்தும் காரணம் எதுவும் கூறப்படவில்லை.

4. எனவே அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவின்படி, மேற்படி மூவருக்கும் வழங்கியவாறே எனக்கும் புதுப்பித்து, 30 நாளுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டுகிறேன்.’

மூன்றாம் பத்திதான் இதன் உயிர். மறுப்பு ஆணையில் காரணம் இருந்தால், அந்தக் காரணம் மற்ற மூவருக்கும் பொருந்தியது என்று அதே இடத்தில் காட்டுங்கள். தீர்ப்புகளின் பெயர்களை இதில் அடுக்க வேண்டியதில்லை. அலுவலக மேசையில் யாரும் படிக்கப் போவதில்லை.

காலம்

அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரே போடும் ரிட் மனுவுக்கு எழுதப்பட்ட கெடு கிடையாது. அதனால் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். 1979-ஆம் ஆண்டின் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கைப் பாருங்கள். பம்பாய் விமான நிலையச் சிற்றுண்டிச்சாலை டெண்டரில், அறிவிப்பில் கேட்ட தகுதி இல்லாதவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அது 14-ஆவது பிரிவுக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. வழக்குப் போடத் தாமதம். அதற்குள் ஒப்பந்தக்காரர் பணம் போட்டு வேலையைத் தொடங்கிவிட்டார். வழக்குப் போட்டவருக்குச் சொந்த நலனும் பெரிதாக இல்லை. சட்டத்தை வென்று கடையைத் தோற்ற வழக்கு. டெண்டர், மாணவர் சேர்க்கை இரண்டிலும் நாள்கணக்குதான், மாதக்கணக்கு கிடையாது.

வேலை தொடர்பான வழக்குகளில் இன்னொரு பழக்கம் உண்டு. சக ஊழியர் வழக்குப் போட்டு ஜெயிக்கட்டும், அதன்பின் அந்தத் தீர்ப்பைக் காட்டி நாமும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருப்பது. சமநிலையில் உள்ளவர்களுக்கு ஒரே பலனைத் தர வேண்டும் என்பதே பொது விதி. ஆனால் வேலிமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்களுக்கு அது பொருந்தாது என்று 2014-இல் அரவிந்த் குமார் ஸ்ரீவஸ்தவா வழக்கில் வரையறுத்துவிட்டார்கள். ஆண்டுக்கொரு நினைவூட்டல் மனுப் போட்டுக்கொண்டிருந்தாலும் காலம் நிற்காது. பழைய கோரிக்கைக்குப் புதிதாக வரும் பதில் வழக்குக்கு மறுஉயிர் கொடுக்காது. மத்திய அரசு ஊழியர் என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் இறுதி ஆணையிலிருந்து ஓராண்டு. மேல்மனுவுக்கு ஆறு மாதம் பதில் இல்லை என்றால் அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

நிலம் எடுப்பில் சமத்துவத்தைச் சட்டமே கெடு போட்டு எழுதிவைத்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் பிரிவு 73: ஒரே அறிவிக்கையில் நிலம் போன பக்கத்து நிலக்காரர் வழக்காடிக் கூடுதல் இழப்பீடு வாங்கினால், வழக்குப் போடாத நீங்களும் அந்தத் தீர்ப்பின் நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஆட்சியருக்கு எழுதி அதே விகிதத்தைக் கேட்கலாம். மூன்று மாதம் கழித்துத்தான் ஊருக்குள் செய்தி பரவும். ஆகவே கூட எடுக்கப்பட்ட நிலத்துக்காரர்களின் வழக்கு எண்களைக் குறித்துவைத்துக்கொண்டு, நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் அவ்வப்போது பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலத்துக்கு மட்டும் ஆறுதல் தொகையும் (நில மதிப்புக்கு மேல் கூடுதலாகத் தருவது) வட்டியும் இல்லை என்று இருந்ததை, எடுக்கும் சட்டம் எதுவானால் என்ன, நிலத்தை இழப்பவன் ஒருவன்தானே என்ற அடிப்படையில் 2019-இல் தர்செம் சிங் வழக்கு நீக்கியது.

உயர் நீதிமன்றத்தில்

அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை, தேனி, திண்டுக்கல், திருச்சி, கரூர், புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. மற்ற மாவட்டங்களுக்குச் சென்னை. தஞ்சாவூர் மதுரைக்கும் திருவாரூர் சென்னைக்கும் போவதில் தடுமாறுபவர்கள் உண்டு. தகவல் ஆணையத்தின் இரண்டாவது மேல்முறையீடு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோப்பு எதிர்மனுதாரரிடம் இருக்கிறது, வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்று மனுவிலேயே கேட்கலாம்.

மறுப்பு ஆணை கையில் இருந்தால் கேட்க வேண்டியது ‘செர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ்’. அதாவது ஆணையை வரவழைத்து ரத்து செய்து, அதன் தொடர்ச்சியாக இன்னதைச் செய்ய உத்தரவிடு என்பது. பதிலே வராமல் இருந்தால் வெறும் மாண்டமஸ், அதாவது இன்னதைச் செய்ய உத்தரவிடு என்பது மட்டும். ஆணை கையில் இருந்தும் அதை எதிர்க்காமல் மாண்டமஸ் மட்டும் கேட்டால், ஆணை நிற்கும்போது எப்படி உத்தரவிடுவது என்று முதல் நாளே திருப்பிவிடுவார்கள். கடையைக் காலி செய்ய நோட்டீஸ் வந்திருந்தால் இடைக்காலத் தடைக்கு ஒரு தனி மனு கூடவே போக வேண்டும்.

‘டைப்டு செட்’ என்று சொல்லும் ஆவணத் தொகுப்பைத் தேதி வரிசையில் கட்டுங்கள்: விதி, உங்கள் மனு, ஒப்புகை, மறுப்பு ஆணை, தகவல் சட்டப் பதில், ஒப்பிடும் கடைகளின் ஆணைகள், அட்டவணை, கோரிக்கை மனு. சாதகமில்லாத ஆவணத்தையும் சேர்க்க வேண்டும். மறைத்தது தெரிந்தால் அந்த ஒரு காரணத்துக்கே தள்ளுபடி செய்யலாம்.

யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது? ‘அவர்களுக்குக் கொடுத்ததுபோல் எனக்கும் கொடு’ என்று மட்டும் கேட்டால் மற்ற கடைக்காரர்கள் தேவையில்லை. ‘அவருக்குக் கொடுத்ததை ரத்து செய்து எனக்குக் கொடு’ என்றால் அவரைச் சேர்க்காமல் முடியாது. நூற்றுக்கணக்கானவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்றால் சிலரையாவது பிரதிநிதிகளாகச் சேர்க்க வேண்டும் என்று 1984-இல் பிரபோத் வர்மா வழக்கு சொல்கிறது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால் சென்னையிலும் மதுரையிலும் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லை. வசதியான குடும்பத்துப் பெண் என்றாலும் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் பிரிவு 12-இன்படி தகுதி உண்டு. உதவி எண் 15100.

உத்தரவு வந்த பிறகு

முதல் விசாரணையிலேயே ‘புதுப்பித்துக் கொடு’ என்று உத்தரவு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘மனுதாரரின் கோரிக்கையைத் தகுதியின் அடிப்படையில் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும்’ என்ற வகை உத்தரவுதான் அதிகம். இது வெற்றி மாதிரி தோன்றும். அதே அலுவலகம் அதே மறுப்பை இந்த முறை அழகான காரணங்களோடு தட்டச்சு செய்து அனுப்பலாம். அதனால் வாதத்தின்போதே, ‘கடை எண் 3, 5, 9 ஆகியவற்றுக்கு வழங்கிய ஆணைகளைக் கருத்தில் கொண்டு’ என்ற சொற்களை உத்தரவில் சேர்க்கும்படி கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்தால், ஒப்பீட்டைத் தொடாத புதிய மறுப்பு ஆணை அடுத்த சுற்றில் தானே விழும்.

உத்தரவு நகல் கிடைத்ததும் ஒரு கடிதத்தோடு நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். வாரக்கணக்கு பெரும்பாலும் நகல் அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்துதான் தொடங்கும். கெடு முடிந்தும் எந்த ஆணையும் வராவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு மனு, ஓராண்டுக்குள். ஆணை வந்து அது மறுப்பாக இருந்தால் அவமதிப்பு ஆகாது. பரிசீலிக்கச் சொன்னார்கள், பரிசீலித்துவிட்டார்கள். அதற்குப் புதிய ரிட் மனுதான். தனி நீதிபதியின் தீர்ப்பே உங்களுக்கு எதிராகப் போனால் இரு நீதிபதிகள் அமர்வில் ரிட் அப்பீலுக்கு 30 நாள்.